தட்டுத் தண்ணீர்

பிள்ளையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா அக்கா? அழமாட்டா. யார் மடியில விட்டாலும் உட்கார்ந்துக்குவா, எனக்கு வருத்தமே அதுதான். இந்தப் பையையும் உங்க காலடியில வச்சுடறேன். சாயாம மட்டும் பார்த்துக்கங்க. உள்ளே ஒரு பாட்டில் இருக்கு, மூடி கொஞ்சம் லூசு.

மதுராந்தகம் வரைக்கும்தான். அங்கே என் அண்ணி வீடு. இவ அங்கேதான் வளர்றா. லீவு கிடைக்கும்போது நான் போய்த் தூக்கிட்டு வந்து ஒரு நாள் கூட வச்சுக்குவேன், மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவேன். கனிஷ்கான்னு பேர். கனின்னு கூப்பிட்டாத் திரும்புவா. அண்ணியை அம்மாங்கறா. என்னை அம்சாங்கறா. அண்ணி என்னை அப்படித்தானே கூப்பிடறாங்க, அதைக் கேட்டுப் பழகிடுச்சு. திருத்தலாம்னு பார்த்தா, திருத்தறதுக்குள்ள பஸ் ஏற நேரமாயிடுது.

இவ அப்பாவா? டைல்ஸ் ஒட்டற வேலைக்கு பெங்களூர் போனார். போன் வருது. போன் மட்டும் வருது.

நான் இப்படி யார்கிட்டயும் பேசறவ இல்லைக்கா. நீங்க பிள்ளையை வாங்கினதும் முதல்ல அவ காதை மூடிக் காத்துப் படாம வச்சீங்க பாருங்க, அதைப் பார்த்ததும் வாய் வந்துடுச்சு. வேலைக்குப் போற இடத்துல ரெண்டு வார்த்தை கோர்த்துப் பேசணும்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். எட்டாவதோட நின்னவ. அங்கே இருக்கறவங்க எல்லாம் பேருக்குப் பின்னாடி ரெண்டு மூணு பட்டம் போட்டவங்க.

என்ன இடம்னா, சொன்னா சிரிக்கக் கூடாது. செல்லு வளர்க்கற இடம். போன் செல்லு இல்லைக்கா, உசிர் செல்லு. நம்ம உடம்பே அதாலதான் ஆகியிருக்காம், கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்ணாடிக் குடுவையில, லேசா ரோஸ் கலர்ல ஒரு தண்ணி இருக்கும், அதுல விட்டு வளர்ப்பாங்க. நல்லா வளர்ந்துச்சுன்னா அது ஒரு மருந்தைக் கக்கும். கக்கும்னு எங்க மேடமே சொன்னாங்க, என் வார்த்தை இல்லை. கை கால் மூட்டெல்லாம் வீங்கி முடங்கிப் போறவங்களுக்கு அந்த மருந்துல ஊசி செய்யலாமாம்.

பெரிய தொட்டியில வளர்த்தாத்தான் மருந்து தேறும். ஆனா எடுத்த எடுப்புல தொட்டியில விட்டுட முடியாது. முதல்ல சின்னக் குடுவையில வச்சு அதுக்கு என்ன பிடிக்குதுன்னு பார்க்கணும். எந்தச் சாப்பாடு கொடுத்தாத் தின்னுது, எவ்வளவு சூடு வேணும், எவ்வளவு வேகமா ஆட்டினாச் சாகாம இருக்குன்னு. ஆமாம், ஆட்டுவாங்க. தூளி மாதிரி ஒரு பலகை, குடுவையெல்லாம் அதுல நின்னு ஆடிக்கிட்டே இருக்கும். குடுவையில தேறினதை அப்புறம் குடம் அளவு கண்ணாடித் தொட்டிக்கு மாத்துவாங்க. அதுலயும் தேறினாத்தான் ஆள் உயரத் தொட்டி. எங்க இடத்துல அந்த ஆள் உயரத் தொட்டியைப் படத்துலதான் பார்த்திருக்கோம்.

என் வேலை தரை துடைக்கறது, குடுவை கழுவறது, கழுவினதை ஆவி மெஷின்ல வச்சு எடுக்கறது. ரைஸ் குக்கரைப் பத்து மடங்கு பெரிசாக்கினா எப்படி இருக்கும், அப்படி ஒரு மெஷின். அப்புறம் ஒரு முக்கியமான வேலை. அந்தக் குடுவையெல்லாம் ஒரு சூட்டுப் பெட்டிக்குள்ளதான் இருக்கும். இன்குபேட்டர்னு பேர். ஆஸ்பத்திரியில எடை குறைச்சலாப் பிறந்த குழந்தையை வைப்பாங்களே, அதே பேர்தான். இவளைக்கூட அதுலதான் வச்சாங்க. அந்தப் பெட்டிக்கு அடியில ஒரு தட்டு இருக்கும், தட்டுல தண்ணி. அது வத்தவே கூடாது. வத்தினா உள்ளே காஞ்சு, குடுவையில இருக்கறது சுண்டிடும். ஆவி மெஷின்ல வச்சு எடுத்த சுத்தத் தண்ணியை அந்தத் தட்டுல ஊத்தறது என் பொறுப்பு.

ஷெர்லின் மேடம்தான் அதை என்கிட்ட விட்டாங்க. நாகர்கோவில் பக்கம். யாரா இருந்தாலும் மக்களேன்னுதான் வாயில வரும். "மக்களே, இந்த ஈரந்தான் இதுங்களுக்கு மூச்சு, கேட்டியா. நான் மறந்தாலும் நீ மறக்கப்பிடாது"ன்னாங்க. என்னை நம்பி ஒருத்தர் ஒண்ணை ஒப்படைச்சது அதுதான் முதல் தடவை. என் பிள்ளையையே என்கிட்ட விட யோசிச்சாங்க என் மாமியார் வீட்டுல.

சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்க்கா அந்த இடம். பொட்டு வைக்கக் கூடாது. பூ கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் பூசிக் குளிச்சுட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. தாலியைக் கோட்டுக்குள்ள விட்டுக் கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கணும். உள்ளே எதைக் கொண்டு போனாலும் ஸ்பிரிட் அடிச்சுத் துடைச்சுட்டுத்தான். பேனாவுக்குக்கூட ஸ்பிரிட். நான் ஒரு நாளும் அதுல தப்பினதில்லை.

எனக்கு அந்த வேலை அவ்வளவு முக்கியமானதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க ஆபீசுக்கு எதிர்த்தாப்பல கம்பெனிக்காரங்க வாங்கிப் போட்ட இடம் ஒண்ணு, முள்ளு மண்டிக் கிடக்கும். குடுவையில இருக்கறது தேறிடுச்சுன்னா அங்கே பெரிய பில்டிங், பெரிய தொட்டி, எல்லாம் வரும். அதோட படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாங்க. ஒரு நாள் நான் அதைத் துடைக்கும்போது மேடம் வந்து ஒரு மூலையில விரலை வச்சாங்க.

"இது என்னதுன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"பிள்ளைங்க ரூம். இத்தனை பொம்பளைங்க வேலைக்கு வந்தா கட்டியே ஆகணும், சட்டம். உன் பிள்ளையை இங்க விட்டுட்டு நீ உள்ள வந்து தண்ணி ஊத்து. மத்தியானம் போய்ப் பார்த்துட்டு வா. உன்னைக் கம்பெனி ஆளாவே எடுக்கச் சொல்லியிருக்கேன்."

அதுக்கப்புறம் நான் அந்தப் படத்தைத் தினம் துடைச்சேன். அந்த மூலையை மட்டும் கூட ஒரு தரம்.

ஆனா செல்லு தேறணுமே. குடுவையில நல்லாத்தான் இருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு மாத்தினாச் செத்துடும். தொட்டிக்குள்ள ஒரு துடுப்பு சுத்தும், அது வேகமாச் சுத்தினா அடிபட்டுச் செத்துடுது, மெதுவாச் சுத்தினா மூச்சு முட்டிச் செத்துடுது. மேடம் சாப்பாட்டு நேரத்துல டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. வரதன் சார் வந்து நிப்பார். அவர்தான் முதலாளி மாதிரி. "என்ன ஷெர்லின், இன்னிக்கு யாருக்குப் பால் தெளிக்கணும்?"னு கேப்பார். எல்லாரும் சிரிப்பாங்க. மேடமும் சிரிப்பாங்க. நான் மட்டும் மாப்பை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். செத்ததை வச்சுக் கேலி பேசலாமாக்கா?

அப்போதான் ஆயுத பூஜை வந்துச்சு. வாசல்ல பூசணிக்காய் உடைச்சாங்க, வரதன் சாரே உடைச்சார். எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். தராசுக்கு வச்சோம், பிரிட்ஜுக்கு வச்சோம், லிப்டுக்கு வச்சோம், வாசல் கேமராவுக்குக்கூட ஸ்டூல் போட்டு ஏறி வச்சோம். நானும் குங்குமத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போகப் போனேன். மேடம் கதவுகிட்டயே கையை விரிச்சு நின்னுட்டாங்க. "உள்ள மட்டும் வேண்டாம் சார். கெஞ்சிக் கேக்கேன்." சார் முகம் சுருங்கிப் போச்சு, இருந்தாலும் விட்டுட்டார். யோசிச்சுப் பாருங்க. அந்த பில்டிங்ல அத்தனைக்கும் பொட்டு, உசிர் இருக்கற பெட்டிக்கு மட்டும் இல்லை.

மேடத்தைக் குத்தம் சொல்லலை. அவங்க வேதக்காரங்க, மேஜையில குட்டியா ஒரு சிலுவை வச்சிருப்பாங்க, தொட்டி திறக்கற அன்னிக்கெல்லாம் அதைத் தொட்டுட்டுத்தான் போவாங்க. அவங்க அவங்க சாமிகிட்ட கேக்கறாங்க. ஆனா அந்த மண்ணு பச்சையம்மனோடது இல்லையா? எங்க கம்பெனி இருக்கற இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே அவ ஏரிப் புறம்போக்குல கட்டினதுதான்னு சொல்வாங்க. ஒரு வார்த்தை அவகிட்ட யாராவது சொல்லணும் இல்லையா? மேடம் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குத் தெரியாது. சரி, அவங்களுக்காக நான் சொல்லிடறேன்னு நினைச்சேன்.

எஸ்டேட்டைத் தாண்டிப் போனா அவ கோயில், அதுக்கு ஒட்டினாப்பல ஒரு குளம் இருக்கு. பாசி படிஞ்சு பச்சைப் பசேல்னு கிடக்கும், கோடையிலயும் வத்தினதில்லை. அந்தத் தண்ணிதான் தீர்த்தம். இவ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள குருவிக்குஞ்சாட்டம் கிடந்தப்போ, டாக்டரே உதட்டைப் பிதுக்கினப்போ, நர்ஸம்மா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துப் பஞ்சுல நனைச்சு இவ உதட்டுல ஒரு சொட்டு வச்சேன். இதோ உட்கார்ந்திருக்கா பாருங்க, உங்க வளையலைக் கடிச்சுக்கிட்டு. விடு கனி, அக்காவுக்கு வலிக்கும்.

அந்த நம்பிக்கைதான். இவளோட பழைய சொட்டு மருந்து பாட்டிலை நல்லாக் கொதிக்கிற தண்ணியில கழுவினேன். அதுல தீர்த்தம் பிடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். உள்ளே போறதுக்கு முன்னாடி அதுக்கும் ஸ்பிரிட் அடிச்சுத் துடைச்சேன், மேடம் சொல்லிக் கொடுத்த மாதிரியே, மேலயிருந்து கீழே. தட்டுல எப்பவும் ஊத்தற தண்ணியை ஊத்திட்டு, அதுக்கு மேல ஒரு மூடி தீர்த்தம். அதை ஆவி மெஷின்ல வைக்கலை. சாமி தண்ணியைக் கொதிக்க வச்சா அப்புறம் அதுல என்ன இருக்கும், சொல்லுங்க.

நீங்க நம்பினா நம்புங்க, அந்த வாரமே தேறிடுச்சு. தொட்டிக்கு மாத்தினதும் சாகலை. பெருகுது பெருகுதுன்னு மேடம் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சவங்க எடுக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டு எனக்கும் காட்டினாங்க. குட்டிக் குட்டி உருண்டையா, ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு, ஜவ்வரிசி மாதிரி. துடுப்பை மாத்தினேன், சாப்பாட்டை மாத்தினேன், அதான் இப்படின்னு மேடம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாங்க. சொல்லிக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஊர்ல இருந்து நேந்திரங்கா சிப்ஸ் வரவழைச்சு எல்லாருக்கும் கொடுத்தாங்க. எனக்குத் தனியா ஒரு பொட்டலம். "இது கனிஷ்காவுக்கு."

வரதன் சார் ஐதராபாத்துல யாரோ பணம் போடறவங்களுக்குப் போன் பண்ணிட்டார். தைக்குள்ள வந்து பார்க்கறோம்னாங்க. அவங்க வரும்போது மறுபடி முதல்ல இருந்து, குடுவையில ஆரம்பிச்சுத் தொட்டி வரைக்கும் நல்லா வளர்த்துக் காட்டணும். ஒரு தரம் வந்துட்டாப் போதாதாம், ஒவ்வொரு தரமும் அதே மாதிரி வரணுமாம். நான் அண்ணிகிட்ட, சித்திரைக்கு அப்புறம் பிள்ளையை என்கூடவே வச்சுக்கறேன்னு சொல்லிட்டேன். அண்ணி இவளோட சட்டையெல்லாம் மடிச்சு ஒரு பக்கமா எடுத்து வச்சாங்க.

ஒரு நாள் காலையில நான் துடைக்கப் போறேன், மேடம் பெட்டி முன்னாடி நிக்கறாங்க. குடுவையெல்லாம் கலங்கிப் போயிருக்கு. அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி. "பூச்சி விழுந்துட்டு மக்களே"ன்னாங்க. அவங்க பூச்சின்னா கண்ணுக்குத் தெரியாத பூச்சி. எல்லாத்தையும் பிளீச்சிங் ஊத்திக் கொன்னு, பெட்டியைக் கழுவித் துடைச்சு, அதே செல்லை உறைய வச்சிருந்த குப்பியில ஒண்ணை எடுத்து மறுபடி ஆரம்பிச்சாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நான் ஒரு மூடியோட நிறுத்திக்கிட்டேனே, போதலையோன்னு ரெண்டு மூடி ஊத்தினேன்.

மறுபடியும் கலங்கிடுச்சு.

செவ்வாய் வெள்ளி தவறாம கோயிலுக்குப் போக ஆரம்பிச்சேன். காலையில சாப்பிடறதை விட்டேன். தட்டுல ஊத்தும்போது, தாயே, நான் படிக்காதவ, முறை தெரியாம ஏதாவது செஞ்சிருந்தா என்மேல காட்டு, அதுங்க மேல காட்டாதேன்னு வேண்டிக்கிட்டே ஊத்துவேன். ஒவ்வொரு தரம் கலங்கும்போதும் உறைஞ்ச குப்பி ஒண்ணு குறையும். குப்பி தீர்ந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு மேடம் சொன்னாங்க.

அப்போ மேடம் எல்லாத்தையும் சோதிச்சாங்க. எங்க கையை எல்லாம் பஞ்சால தொட்டு எடுத்தாங்க, ஏசியை எடுத்தாங்க, தரையை எடுத்தாங்க. கடைசியில தட்டுத் தண்ணியிலயே அந்தப் பூச்சி இருக்குன்னு வந்துடுச்சு. மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. கோபமே இல்லைக்கா அவங்க குரல்ல.

"மக்களே, ஏச மாட்டேன். ஆவியில வைக்க நேரமில்லாம எப்பவாச்சும் குழாய்த் தண்ணி எடுத்து ஊத்தினியா?"

"இல்லை மேடம். என் பிள்ளை மேல சத்தியமா இல்லை."

இல்லைதான். குழாய்த் தண்ணியை நான் அந்த ரூம் வாசல்லகூட வச்சதில்லை. மேடம் என் தோளைத் தட்டிக் கொடுத்தாங்க. "எனக்குத் தெரியும். அப்ப அந்த ஆவி மெஷின்தான் பழுது."

மெஷின்காரன் வந்து பிரிச்சுப் பார்த்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு பூட்டிட்டுப் போயிட்டான்.

கடைசிக் குப்பியும் கலங்கின அன்னிக்கு வரதன் சார் ரூம்ல சத்தம். நான் வெளியே மாப் போட்டுக்கிட்டு இருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது.

"குளத்துலயும் ஏரியிலயும் கிடக்கற கிருமின்னு ரிப்போர்ட் சொல்லுது. மூணாவது மாடிக்கு எப்படிம்மா வந்துச்சு? நீந்தி வந்துச்சா?"

"தெரியல சார்."

"அந்தத் தண்ணி ஊத்தற பொண்ணை முதல்ல நிறுத்து."

"அவளைச் சொல்லாதீங்க சார். இங்க உள்ளவங்கள்ல நான் சொன்னதைச் சொன்ன மாதிரி செய்யது அவ ஒருத்திதான்."

"அப்போ தப்பு உன்னுது."

அப்புறம் மேடம், "ஆமா சார், என்னுதுதான்"னாங்க.

நான் மாப் குச்சியைப் பிடிச்சபடி நின்னேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். மேடம் மேல தப்பில்லை சார், இன்னும் கொஞ்சம் பொறுங்க, நானும் அம்மன்கிட்ட வேண்டித் தட்டுல தீர்த்தம் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை. வாய் வரலை. எனக்கு எப்பவும் அப்படித்தான். அதோட, செஞ்சதைச் சொல்லிக் காட்டறது அசிங்கமா இருந்தது. சாமிக்குச் செய்யறதைத் தம்பட்டம் அடிப்பாங்களா?

எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாதது அந்த வரதன் சார் மேலதான். அவர் வாய்தான்க்கா. எந்நேரமும் பால் தெளிக்கணும், பால் தெளிக்கணும்னு சொன்னா எந்த உசிர் நிக்கும்? அதுவும் குளத்துப் பூச்சியாம். அந்த எஸ்டேட் முழுக்கக் காங்கிரீட், குளம் எங்கே இருக்கு அங்கே. மேடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாங்க. "எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும் மக்களே, எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்." நான் அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு மட்டும் தெரியுமா என்ன.

ஐதராபாத்துக்காரங்க வரவே இல்லை. மேடம்கிட்ட ராஜினாமா எழுதி வாங்கிக்கிட்டு அவங்களை அனுப்பிட்டாங்க. பெட்டியெல்லாம் துணி போட்டு மூடியாச்சு. எதிர் இடத்தை ஏதோ குடோனுக்கு வித்துட்டாங்க, முள்ளை வெட்டறாங்க இப்போ. அந்தப் படத்தைக் கழட்டச் சொன்னாங்க, நான்தான் கழட்டினேன். சுவத்துல அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாத் தெரியுது. அண்ணி, மடிச்சு வச்ச சட்டையெல்லாம் திரும்ப அலமாரியில அடுக்கிட்டாங்க. நான் அதையும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். இவ ஓடி வந்து அண்ணி புடவையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, அம்சா எப்போ போவும்?"னு கேட்டா. குழந்தை. மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுச் சொல்லத் தெரியாது.

ஆனா மேடம் என்னை மறக்கலைக்கா. போன வாரம் போன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சின்னதா ஒரு இடத்துல சேர்ந்திருக்காங்க, பாதிச் சம்பளத்துக்கு. திரும்பவும் ஒரே ஒரு குடுவையில இருந்து ஆரம்பிக்கறாங்க. "இங்கேயும் தப்பாப் போனா என்னை எவனும் எடுக்க மாட்டான் மக்களே. நீ வந்துரு. தண்ணி விஷயத்துல உன்னைத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன்"னாங்க. நான் என்னத்தைச் சொல்றது, அழுதுட்டேன். கொஞ்சம் தைரியம் வந்து, அங்கேயும் பிள்ளைங்க ரூம் கட்டுவாங்களா மேடம்னு கேட்டேன். முதல்ல குடுவையில நிக்கட்டும்னாங்க.

நாளைக்குச் சேரணும். அதான் இவளை விட்டுட்டு அப்படியே போறேன். அங்கேயிருந்து வாராவாரம் வர முடியுமான்னு தெரியலை. ரெண்டு பஸ் மாறணும்.

இந்தா, ஸ்டாப் வந்துடுச்சு. வா கனி. வாம்மா. அக்காவை விடு. பார்த்தீங்களா, உங்ககிட்டயிருந்துகூட வர மாட்டேங்கறா. கொஞ்சம் கையை எடுத்து விடுங்க அக்கா.

பை சாயலை இல்ல? நல்ல வேளை. காலையில போய்ப் பிடிச்சது, பச்சையம்மன் குளத்துத் தண்ணி. இந்தத் தடவை பெரிய பாட்டிலா எடுத்துக்கிட்டேன். அங்கே மூடி மூடியா ஊத்தினேனே, அதுதான் அவளுக்குப் பத்தலை போலிருக்கு. இனிமே குறை வைக்க மாட்டேன்.